எக்ஸ்ரே அறை கேள்வி–பதில்: பட்டனை அழுத்துவது யார்?

கீழக்கரையில் ஸ்கேன் சென்டர் தொடங்கப் போகிறோம். ஸ்டாஃபுக்கு என்ன டிரெயினிங் வேண்டும்?

எந்த ஸ்கேன்? அதை எழுதாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அயனியாக்கும் கதிர்வீச்சே கிடையாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அங்கே வராது. அல்ட்ராசவுண்டுக்கு 1994-ஆம் ஆண்டுக் கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும், அது வேறு விஷயம். சி.டி. என்றால் வாரியத்தின் இலோரா இணையதளத்தில் விண்ணப்பம், அறை வரைபடம், படித்த டெக்னீஷியன், வாரியம் ஒப்புக்கொண்ட ஆர்.எஸ்.ஓ. (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்) எல்லாம் தேவை. வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுப்பது நூறு முதல் சில நூறு மார்பு எக்ஸ்ரே வரை சமம். ஆளைத் தேடிப் பிடித்துவிட்டு மெஷினைத் தேடுங்கள். அடுத்த முறை மெஷின் பெயரையும் எழுதுங்கள்.

பல் கிளினிக்கில் சின்ன எக்ஸ்ரேதானே, உதவியாளர் ஃபிலிமைப் பிடித்துக்கொள்ளலாமா? (தொண்டி)

கூடாது. ஃபிலிமை வாயில் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் வாங்குங்கள்.

பிளஸ் டூ முடித்தேன், வயது 17. எக்ஸ்ரே சென்டரில் ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்தார், இப்போது நானே தனியாக எடுக்கிறேன். கோர்ஸ் அவசியமா? (தங்கச்சிமடம்)

தம்பி, நாளையிலிருந்து அந்த பட்டனைத் தொடாதே. 18 வயது ஆகாத யாரையும் கதிர்வீச்சுப் பணியில் வைக்கக் கூடாது என்று 2004-ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. 16 முடிந்தவர் முறையான பயிற்சியில் மாணவராக இருக்கலாம். அவருக்கும் ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட்தான் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) உச்சம்.

என் கோபம் உன் மேல் இல்லை, உன்னை அங்கே நிறுத்தியவர் மேல். இந்த மாதிரிக் கடிதம் எனக்குத் தொடர்ந்து வருகிறது. சுவரில் ஒருவருடைய சர்டிஃபிகேட் மாட்டியிருக்கும். அவர் மதுரையிலோ வளைகுடாவிலோ இருப்பார், மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை போகும். படம் எடுப்பது, தரை துடைக்க வந்த பையன். அவர் பெயருக்கு வாங்கிய, உடம்பில் படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் டிராயரில் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூஜ்யம் என்று ரிப்போர்ட் வரும், முதலாளி நிம்மதியாக இருப்பார். அந்த ரிப்போர்ட் டிராயரைப் பற்றியது. பையன் வாங்கிய கதிர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நோயாளிக்கும் இதே கதிதான். கதிரின் வலிமைக்கு எத்தனை கே.வி., அளவுக்கு எத்தனை எம்.ஏ.எஸ். என்று ஆளைப் பார்த்து வைக்கத் தெரியாவிட்டால் எல்லாருக்கும் ஒரே செட்டிங். கதிர் விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் காலிமேட்டரைக் குறுக்கத் தெரியாவிட்டால், கை எலும்புக்கு வந்த குழந்தையின் வயிறும் கதிருக்குள் வரும். ஃபிலிம் காலத்தில் அதிகம் கொடுத்தால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்து அழகாகக் காட்டும், அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. பயிற்சியின் தேவை டிஜிட்டல் வந்த பிறகு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பெண் நோயாளியிடம் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்று கூச்சமில்லாமல் கேட்கவும் பழகியிருக்க வேண்டும். 17 வயதுப் பையன் அதை எப்படிக் கேட்பான்?

சி.ஆர்.ஏ. (எக்ஸ்ரே உதவியாளர் சான்றிதழ் கோர்ஸ்), டிப்ளமோ, பி.எஸ்சி. ரேடியாலஜி, எதில் வேண்டுமானாலும் சேர். பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைப் பார். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரி. படித்து வேலைக்கு வந்த பிறகு பேட்ஜ் உன் பெயரில், உன் உடம்பில் இருக்க வேண்டும்.

ஆர்த்தோ தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன், சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் மெஷின்) ஓடும். கர்ப்பமாக இருப்பதை இப்போதே சொல்ல வேண்டுமா? (ராமநாதபுரம்)

இன்றே எழுத்தில் கொடுங்கள் அம்மா. கொடுத்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. அதற்குத் தகுந்தபடி உங்கள் வேலையை அமைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. தியேட்டர் நர்ஸுக்குப் பயிற்சி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதிர் கிளம்பும் டியூப் மேஜைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும், டியூப் பக்கத்தில் நோயாளி மேல் பட்டுச் சிதறும் கதிர் அதிகம் என்பதும் உங்களுக்கும் தெரிய வேண்டும். பேட்ஜைக் கதிர் தடுக்கும் ஈய ஏப்ரனுக்கு உள்ளே மார்பு உயரத்தில் அணியுங்கள். டிராயரில் வேண்டாம்.

பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிறேன். கேன்சர் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் பிசிசிஸ்ட் (கதிர் சிகிச்சையின் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர்) ஆக முடியுமா? (ராமேஸ்வரம்)

முடியும், அம்மா. எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஓராண்டு டிப்ளமோ படிக்கலாம், அல்லது நேராக எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ். அப்புறம் இன்டர்ன்ஷிப், ஆர்.எஸ்.ஓ. தேர்வு. கணக்கை விட்டுவிடாதீர்கள்.

மீனவக் குப்பங்களில் காசநோய் முகாம். போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கும்போது எவ்வளவு தள்ளி நிற்பது? (மண்டபம்)

குறைந்தது 2 மீட்டர், ஏப்ரனோடு. 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குப் போனாலே கதிர் கால் பங்காகிவிடும். அதைவிட முக்கியம், டியூப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. வரிசையில் நிற்கும் சனத்தைப் பார்த்து வைக்காதீர்கள். பேட்ஜ் உடம்பில் இருக்கட்டும், வேனில் வேண்டாம்.

லெட் ஏப்ரன் உப்புக்காற்றில் பூஞ்சை பிடிக்கிறது. துவைத்து மடித்து வைக்கலாமா? (ஏர்வாடி)

ஈரத் துணியால் துடையுங்கள், ஊறப்போடாதீர்கள். மடிக்கவே கூடாது, மடிப்பில் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. ஹேங்கரில் தொங்கவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை விரித்துப் போட்டு சி-ஆர்மில் பாருங்கள். விரிசல் கண்டதை டேப் ஒட்டி ஓட்டாமல் புதிது வாங்குங்கள்.