தரவுக்குள் மறைந்திருக்கும் உட்குழுக்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக 300 பேரிடம் ஆம், இல்லை என விடை தரும் ஐந்து கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குள் மறைந்திருக்கும் உட்குழுக்களைப் பிரிக்கக் கே-மீன்ஸ் போதும் என்கிறார் நெறியாளர். லேட்டன்ட் கிளாஸ் அனாலிசிஸ்தான் செய்ய வேண்டும் என்கிறார் இன்னொரு பேராசிரியர். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: தேடுவது ஒன்றுதான், தேடும் முறை வேறு. கே-மீன்ஸ் தூரத்தை அளந்து, ஒவ்வொருவரையும் அருகிலுள்ள மையத்தோடு சேர்த்துவிடும். ஒருவர் இரண்டு மையங்களுக்கும் நடுவே நின்றாலும் ஏதேனும் ஒரு பக்கம் தள்ளிவிடுமே தவிர, அந்தத் தடுமாற்றத்தைப் பதிவு செய்யாது. மறை வகுப்புப் பகுப்பாய்வு என்று நாம் தமிழில் சொல்லும் லேட்டன்ட் கிளாஸ் முறையோ, நம் கண்ணுக்குத் தெரியாத சில வகுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்' சொல்வதற்கு ஒரு நிகழ்தகவு இருக்கிறது, நம் கையில் உள்ள தரவு அவற்றின் கலவை என்ற அனுமானத்திலிருந்து தொடங்குகிறது. உங்களுடையது ஆம், இல்லை என்ற தரவு என்பதால் இரண்டாமவர் சொல்வதே பொருத்தம்.

கலவை என்ற இந்த எண்ணம் பழையது. நேப்பிள்ஸ் விரிகுடாவில் பிடித்த ஆயிரம் நண்டுகளை விலங்கியலாளர் வால்டர் வெல்டன் அளந்தார். உடல் நீளத்துக்கும் நெற்றி அகலத்துக்கும் உள்ள விகிதத்தை வரைந்தபோது, வளைகோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு இனங்கள் கலந்திருக்கின்றனவோ என்ற ஐயத்துக்கு விடைகாண, 1894இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் அதை இரண்டு இயல்நிலைப் பரவல்களாக (சமச்சீரான மணி வடிவ வளைகோடுகளாக)ப் பிரித்துக் காட்டினார். அதற்காக அவர் ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்றைக் கையாலேயே தீர்க்க வேண்டியிருந்தது. மனப்பான்மைக் கேள்விகளுக்கு இதே எண்ணத்தைக் கொண்டுவந்தவர் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட்; அது 1950ஆம் ஆண்டையொட்டி நடந்தது.

கேள்வி: நான் செவிலியர் கல்லூரியில் பணிபுரிகிறேன். பணிச்சோர்வு பற்றி மூன்று கேள்விகள் கேட்டு இரண்டு வகுப்புகள் பிரித்தேன். மூன்றில் இரண்டுக்கு 'ஆம்' என்ற ஒருவரை மென்பொருள் 'சோர்வு இல்லாதோர்' வகுப்பில் வைத்திருக்கிறது. இது பிழைதானே?

பதில்: பிழை இல்லை. கையால் போட்டுப் பார்த்தால் விளங்கும். எளிமைக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். சோர்வுற்றோர் வகுப்பு 40 விழுக்காடு. அதில் தூக்கக் குறைவு, எரிச்சல், வேலையை விடும் எண்ணம் ஆகியவற்றுக்கு 'ஆம்' சொல்லும் நிகழ்தகவு முறையே 0.8, 0.7, 0.9. மற்ற வகுப்பு 60 விழுக்காடு, அதில் 0.2, 0.3, 0.1. ஒருவர் ஆம், ஆம், இல்லை என்கிறார். முதல் வகுப்புக்கு 0.4 × 0.8 × 0.7 × 0.1 = 0.0224. இரண்டாம் வகுப்புக்கு 0.6 × 0.2 × 0.3 × 0.9 = 0.0324. கூட்டுத்தொகை 0.0548. ஆகவே அவர் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவராக இருக்கும் நிகழ்தகவு 0.59, முதல் வகுப்புக்கு 0.41. 'வேலையை விடும் எண்ணம் இல்லை' என்ற ஒற்றை விடை மற்ற இரண்டு 'ஆம்'களையும் சாய்த்துவிட்டது, ஏனெனில் சோர்வுற்றோரில் பத்தில் ஒருவர்தான் அப்படிச் சொல்வார். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பதற்கும் இந்த முறைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இந்த 0.8, 0.7 எல்லாம் முதலில் எங்கிருந்து வருகின்றன என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓர் ஊகத்தில் தொடங்கி, மேலே செய்ததுபோல் ஒவ்வொருவரின் வகுப்பு நிகழ்தகவையும் கணித்து, அந்த நிகழ்தகவுகளையே எடையாக வைத்து வகுப்பு விகிதங்களையும் 'ஆம்' நிகழ்தகவுகளையும் மீண்டும் கணித்து, எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது கணினி. மறை வகுப்புகளுக்கு இவ்வழியை 1974இல் லியோ குட்மன் காட்டினார். 1977இல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் மூவரும் இதற்குப் பொது வடிவம் தந்து ஈ.எம். என்று பெயரிட்டனர்.

கேள்வி: அதே தரவை இன்று ஓட்டினால் ஒரு விடை, நாளை ஓட்டினால் வேறு விடை. எதை நம்புவது?

பதில்: தரவோடு பொருந்தும் அளவை உயரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்க ஊகம் மாறும்போது கணக்கு வெவ்வேறு குன்றுகளின் உச்சியில் போய் நிற்கிறது. நமக்கு வேண்டியது மிக உயர்ந்த உச்சி. ஐம்பது அல்லது நூறு தற்செயல் தொடக்கங்களோடு ஓட்டுங்கள். மிகச் சிறந்த மதிப்பு பலமுறை திரும்ப வந்தால் நம்பலாம், ஒரே ஒருமுறை வந்தால் நம்பாதீர்கள். ஒரே விடையிலும் வகுப்பு 1, வகுப்பு 2 என்ற பெயர்கள் இடம் மாறி வரலாம். அது வெறும் பெயர் மாற்றம்தான்.

கேள்வி: 300 பேர், ஐந்து கேள்விகள் என்று முதலில் கேட்டவன் நான்தான். இரண்டு வகுப்பா, மூன்றா? மாடலின் பொருத்தத்தையும் சிக்கலையும் சேர்த்து மதிப்பிடும் அளவுகோல்களில் ஏ.ஐ.சி. மூன்று என்கிறது, பி.ஐ.சி. இரண்டு என்கிறது.

பதில்: இரண்டும் ஒரே கடையில் வெவ்வேறு விலை கேட்பவை. இரண்டு வகுப்பு மாடலில் 11 அளபுருக்கள் (தரவிலிருந்து கணிக்க வேண்டிய எண்கள்): பத்து நிகழ்தகவுகள், ஒரு வகுப்பு விகிதம். மூன்று வகுப்பில் 17. கூடுதல் அளபுரு ஒவ்வொன்றுக்கும் ஏ.ஐ.சி. கேட்கும் விலை 2. ஷ்வார்ஸ் 1978இல் தந்த பி.ஐ.சி. கேட்பது விடை தந்தவர்களின் எண்ணிக்கையின் இயல் மடக்கை. 300 பேருக்கு ஏறத்தாழ 5.7. ஆகவே மூன்றாம் வகுப்பைச் சேர்க்கும்போது, மாடல் தரவோடு பொருந்தாத அளவு (மடக்கை நிகழ்தகைமையின் −2 மடங்கு) 12க்கு மேல் குறைந்தால் ஏ.ஐ.சி. ஏற்றுக்கொள்ளும், பி.ஐ.சி.க்கு 34க்கு மேல் குறைய வேண்டும். உங்கள் குறைவு இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்திருக்கிறது. 2007இல் நைலண்டு, அஸ்பரூஹோவ், முத்தேன் ஆகியோர் கணினியில் உருவாக்கிய தரவைக் கொண்டு செய்த ஆய்வில், தகவல் அளவுகோல்களுள் பி.ஐ.சி.யும், வகுப்பு எண்ணிக்கையை முடிவு செய்யும் சோதனைகளுள் பூட்ஸ்டிராப் விகிதச் சோதனையும் சிறப்பாகச் செயல்பட்டன. நானும் பி.ஐ.சி. பக்கமே நிற்பேன். ஆனால் அந்த மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். பன்னிரண்டு பேரை வைத்து ஒரு வகைக்குப் பெயர் சூட்டி ஓர் அத்தியாயம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான்கு ஆம்/இல்லை கேள்விகளில் மூன்று வகுப்பு கேட்டேன். சாத்தியமான விடைக்கோலங்கள் (ஆம், இல்லை சேர்க்கைகள்) 16, அவற்றின் விகிதங்களின் கூட்டுத்தொகை ஒன்று என்பதால் கட்டற்றவை 15, அளபுருக்கள் 14, ஆக வரையின்மைப் படி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆனாலும் மென்பொருள் எச்சரிக்கிறது. ஏன்?

பதில்: புகழ்பெற்ற பொறி இது; குட்மன் 1974லேயே சுட்டிக்காட்டியது. எண்ணிக்கையில் இடம் இருந்தாலும், வெவ்வேறு அளபுருக்கள் ஒரே பொருத்தத்தைத் தருவதால் தனித்த விடை கிடைக்காது. இரண்டு வகுப்போடு நில்லுங்கள், அல்லது ஐந்தாவது கேள்வி ஒன்றைச் சேருங்கள்.

கேள்வி: ஒவ்வொருவருக்கும் வகுப்பு எண்ணை எழுதி, வகுப்புகளுக்கிடையே வருமானத்தை அனோவாவில் (சராசரிகளை ஒப்பிடும் சோதனையில்) ஒப்பிட்டேன். ஆய்விதழ் மதிப்பீட்டாளர் ஏற்கவில்லை.

பதில்: அவர் பக்கம்தான் நியாயம். மேலே நாம் பார்த்தவரை இரண்டாம் வகுப்பு என்று எழுதினால், 0.41 நிகழ்தகவை அழித்துவிடுகிறோம். இப்படிப் பலர் தவறான பெட்டியில் விழுவதால், வகுப்புகளுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு பொதுவாகச் சுருங்கித் தெரியும். வகைப்படுத்தலில் நேரும் பிழையின் அளவை மாடலே சொல்கிறது. அதைக் கணக்கில் கொண்டு திருத்தும், மூன்று படிகளில் செய்யும் முறைகள் இருக்கின்றன. பி.சி.எச். என்பது அவற்றுள் ஒன்று. அதைப் பயன்படுத்தி அட்டவணையை மாற்றி அனுப்புங்கள்.

கேள்வி: கடைசியில் இந்த வகுப்புகள் உண்மையிலேயே இருக்கின்றனவா, நாமே உண்டாக்குகிறோமா?

பதில்: கேட்டால் மென்பொருள் கொடுக்கும், நான்கு கேட்டால் நான்கு கொடுக்கும். ஒரே மக்கள்தொகையிலிருந்து வந்த, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்த தரவைத் தந்தாலும், வளர்ச்சிக் கலவை மாடல்கள் (காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தை வகுப்புகளாகப் பிரிப்பவை) பல வகுப்புகள் இருப்பதாகக் காட்டும் என்று பாவரும் கரனும் 2003இல் நிறுவினார்கள். பியர்சனின் நண்டுகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்: சாய்வு இரண்டு இனங்களால் வந்ததா, சாய்ந்த ஒரே இனமா என்பதை வளைகோடு மட்டும் சொல்லிவிடாது.

எனவே வகுப்பை உருவாக்கப் பயன்படாத வேறொன்றில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல எடுத்துக்காட்டு ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடும் நுரையீரல் நோய். அமெரிக்காவில் முன்பே நடந்து முடிந்த இரண்டு மருத்துவச் சோதனைகளின் தரவைக் கால்ஃபீ குழுவினர் மறை வகுப்புப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி 2014இல் வெளியிட்டனர். இரண்டிலும் தனித்தனியே இரண்டு வகுப்புகள் வந்தன. அழற்சி மிகுந்த வகுப்பில் இறப்பு கூடுதல். செயற்கைச் சுவாசத்தில் மூச்சு வெளியேறும் முடிவிலும் நுரையீரலில் வைத்திருக்கும் பீப் அழுத்தத்தைக் கூட்டுவதால் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. வகுப்புவாரியாகப் பார்த்தபோது விளைவு வேறுபட்டது. இப்படி ஒரு சான்று கையில் இருந்தால்தான் நான் 'வகை' என்ற சொல்லை ஆய்வேட்டில் எழுத அனுமதிப்பேன். இல்லையேல் 'விடைக்கோலம்' என்று எழுதச் சொல்வேன்.

கேள்வி: இலவச மென்பொருள் எது?

பதில்: ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் போஎல்சிஏ என்ற தொகுப்பு. தொடர்ச்சியான அளவுகளாக இருந்தால் எம்கிளஸ்ட். போஎல்சிஏயில் இரண்டு இடங்களில் எல்லோரும் இடறுவார்கள். 'இல்லை', 'ஆம்' விடைகளை 0, 1 என்று தந்தால் ஏற்காது. 1, 2 என்று மாற்றித் தர வேண்டும். என்ரெப் என்ற அமைப்பு, சொல்லாவிட்டால் ஒன்றாகவே இருக்கும். அதாவது ஒரே ஒரு தொடக்கம். அதை ஐம்பதாக்கிவிட்டு ஓட்டுங்கள்.