பூட்டு சரி, சாவி யார் கையில்?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: கொலுசு டிசைன் ஃபைல்கள் பட்டறைக்கும் வீட்டுக்கும் போய்வர, பைத்தானில் சாக்கெட் (இரு கம்ப்யூட்டர்கள் நேராகப் பேசும் இணைப்பு) ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ஏ.இ.எஸ். என்ற மறையாக்கப் பூட்டைச் சேர்த்தால் போதுமா சார்?

போதாதுங்க. ஏ.இ.எஸ்.ஸில் குறையில்லை, அதைச் சுற்றி நாம் கட்டுகிற இடத்தில்தான் ஓட்டை விழும். அதை ஜி.சி.எம். முறையில் ஓட்டும்போது, ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் (ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவேண்டிய எண்) இரண்டாம் முறை வந்தால் ரகசியமும் கசியும், போலி ஃபைலை நுழைக்கவும் வழி பிறக்கும். ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும்போது நான்ஸ் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது நானே செய்த தப்பு. இதைவிடப் பெரிய கேள்வி, எதிரில் பேசுவது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்தானா என்பது.

இரண்டையும் டி.எல்.எஸ். 1.3 (2018) என்ற பாதுகாப்பு நெறிமுறை பார்த்துக்கொள்ளும். பைத்தானின் எஸ்.எஸ்.எல். மாட்யூலே போதும். இரு முனைக்கும் நீங்களே சான்றிதழ் (டிஜிட்டல் அடையாள அட்டை) தயாரித்து, பென் டிரைவில் மாற்றிக்கொள்ளுங்கள். சர்வர் (காத்திருக்கும் முனை) பக்கம் கிளையண்டின் (தொடர்புகொள்ளும் முனை) சான்றிதழைத் தானாகக் கேட்காது. 'செர்ட் ரிக்வயர்ட்' என்று நாம்தான் வைக்கவேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஃபைல் போய்ச் சேர்ந்தால் போதுமென்றால் சாக்கெட்டே வேண்டாம், எஸ்.எஸ்.எச். (வேறொரு கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணைக்கும் முறை) வழியே ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் கருவி போதும்.

ஏற்காடு வாசகர்: காபித் தோட்டத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர், இணையத்துக்குச் சிம் டாங்கிள். அஸ்தம்பட்டி ஆபீஸிலிருந்து அதைப் பிடிக்கவே முடியவில்லை.

மொபைல் இணைப்பில் ஒரே பொது ஐ.பி.யை (இணைய முகவரி) பலர் பகிர்வதுண்டு; உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழி இராது. ஆபீஸில் பொது ஐ.பி. இருந்தால் வயர்கார்டு (இரு முனைக்கும் இடையே ரகசியச் சுரங்கப்பாதை போடும் வி.பி.என்.) போடுங்கள். லினக்ஸ் கெர்னல் 5.6 (2020) முதல் கூடவே வருகிறது. தோட்டத்துப் பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 என்று வையுங்கள். 25 விநாடிக்கொரு தரம் தட்டி, வழியைத் திறந்தே வைத்திருக்கும். பை 4 சிப்பில் ஏ.இ.எஸ்.ஸுக்கென்று தனி வசதி கிடையாது. வயர்கார்டின் பூட்டான சாச்சா20 அதில் சிரமமில்லாமல் ஓடும். உங்கள் ஸ்கிரிப்டில் ஐ.பி. முகவரியை வயர்கார்டு முகவரியாக மாற்றினால் போதும். இருந்தாலும் முதலில் ஆபீஸ் மேசையில் வைத்துச் சோதித்துவிடுங்கள், ரீபூட்டுக்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவானேன்!

அம்மாப்பேட்டை வாசகி: எஸ்.எஸ்.எச். ஒவ்வொரு தரமும் 'யெஸ்/நோ' கேட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. ஹோஸ்ட் கீ சோதனையை (எதிர்முனை அதே கம்ப்யூட்டர்தானா என்ற சரிபார்ப்பு) அணைத்துவிட்டேன். இப்போது ஓடுகிறது.

எதிர்முனையில் யார் வந்து நின்றாலும் ஓடும்மா. கண்டெய்னரில் (தனியே பிரித்து ஓட்டும் தற்காலிகப் பெட்டி) ஓட்டுகிறீர்களோ? அதற்குள் 'நோன் ஹோஸ்ட்ஸ்' ஃபைல் (தெரிந்த கம்ப்யூட்டர்களின் சாவிப் பட்டியல்) தங்காது. மறுமுனையிலிருப்பவரிடம் ஃபிங்கர்பிரிண்டை (அவர் கம்ப்யூட்டர் சாவியின் சுருக்க அடையாளம்) போனில் கேட்டு ஒத்துப் பார்த்து, 'நோன் ஹோஸ்ட்ஸ்' ஃபைலை கண்டெய்னருக்கு வெளியே வைத்து உள்ளே மவுன்ட் செய்யுங்கள் (இணையுங்கள்).

சூரமங்கலம் வாசகர்: ஒரே ஒரு ஃபைல், ஒரே ஒரு தடவை அனுப்பவேண்டும். எது நல்லது?

மேஜிக் வார்ம்ஹோல் என்ற ஃபைல் அனுப்பும் கருவி. அது தரும் குறியீட்டைப் போனில் வாசித்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.