அரசியல் அறிவியல் படிக்க வீட்டை அடமானம் வைக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதம் 35,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். டெல்லிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு 15 லட்சம். வங்கியில் கடன் தருகிறார்கள், ஆனால் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். “இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள், பேசாமல் பி.காம். சேர்த்துவிடுங்கள் அத்தான்” என்கிறார் என் மைத்துனர். எனக்கு அவளிடம் மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. போட்ட பணத்தை இந்தப் படிப்பு எடுத்துத் தருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் அரசியல் அறிவியலே படிக்கட்டும். அந்த 15 லட்சத்தை மட்டும் வாங்காதீர்கள்.

ஆண்டுக்கு 5 லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று ஆண்டும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்காது. தனிவட்டியாகப் போட்டாலே அதற்குள் நாலரை லட்சம் ஏறிவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 19.5 லட்சமாக இருக்கும். 15 ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 21,000 ரூபாய், மொத்தத்தில் 37 லட்சத்துக்கு மேல். தமிழக அரசில் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. படிகள் சேர்ந்தாலும் தவணை போக அவள் கையில் என்ன மிஞ்சும்?

இந்தப் படிப்புக்கு வருமானமே இல்லை என்று உங்கள் மைத்துனர் நினைக்கிறார். அது சரியல்ல. வருமானம் உண்டு, ஆனால் தாமதமாக வரும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகலாம், தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900. ஆனால் அரசியல் அறிவியல்காரர்கள் தமிழ்நாட்டில் பி.எட். சேர்வதற்கே எம்.ஏ. முடித்திருக்க வேண்டும். அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் தேர்வு. ஆராய்ச்சிக்குப் போனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கலாம், மாதம் 37,000 ரூபாய். மூன்றாண்டு பி.ஏ. படித்தவர்களுக்கு அதற்கும் எம்.ஏ. வேண்டும். குடிமைப் பணித் தேர்வு இன்னும் கடினம். லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்து ஓராண்டில் ஆயிரம் பேர் அளவில்தான் தேர்வாகிறார்கள். தயாரிப்புக்கே சில ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.

எந்த வழியில் போனாலும் நிலைப்பதற்கு 25, 27 வயது ஆகிவிடும். கடன் தவணையோ 22 வயதில் கதவைத் தட்டும். எனக்குப் பயமே அந்த இடைப்பட்ட ஆண்டுகளை நினைத்துத்தான். மாதம் 21,000 கட்ட வேண்டிய பெண் எம்.ஏ. போக முடியாது. கிடைத்த வேலையில் உட்காருவாள், ஆசைப்பட்ட படிப்பு பாதியில் நின்றுவிடும். கடன் உங்கள் பெயரிலும் சேர்த்துத்தான் எழுதப்படும். அவளால் கட்ட முடியாத மாதத்தில் வங்கி உங்களிடம் வரும், அப்போது நீங்கள் ஓய்வுபெறும் வயதில் இருப்பீர்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றி வங்கியில் கேட்டீர்களா? தேசியத் தரவரிசையில் தேறி, அரசின் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேருபவர்களுக்குச் சொத்து ஈடு, ஜாமீன் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. உங்களிடம் வீட்டுப் பத்திரம் கேட்பதைப் பார்த்தால் அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. பட்டியலில் இருந்தாலும் வட்டி மானியத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள்தான். அதிலும் அரசு நிறுவனங்களுக்கும் தொழிற்படிப்புகளுக்கும் முன்னுரிமை. தனியாரிடம் பி.ஏ. படிப்பவளுக்குக் கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இதே பாடம் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. டெல்லிக்குப் போயே ஆக வேண்டும் என்றால் கியூட் என்ற மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதி டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேரலாம், அங்கே கட்டணத்தைவிட விடுதிச் செலவுதான் பெரிது. பி.ஏ.வைக் கடன் இல்லாமலோ ஒன்றிரண்டு லட்சத்துக்குள்ளோ முடித்தால், எம்.ஏ.வுக்கு ஜே.என்.யூ., ஹைதராபாத், புதுச்சேரி என்று மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் அப்போது வாங்குங்கள். தனக்கு ஆராய்ச்சியா, தேர்வா, ஆசிரியப் பணியா என்பது அவளுக்கே அதற்குள் தெரிந்திருக்கும்.

பி.காம். நல்ல படிப்புதான். அதற்கு 15 லட்சம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணை வேறு பக்கம் திருப்பாதீர்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவியாகிற எத்தனையோ பெண்களுக்கு நிதி ஒதுக்கீட்டையும் அரசாணையையும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆள் இல்லை. சட்டமும் நிர்வாகமும் தெரிந்த பெண்கள் ராஜபாளையம் போன்ற ஊர்களுக்கு வேண்டும். அவள் அதைப் படிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். டெல்லி இடத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து மேலே உள்ள கணக்கை அவளே போட்டுப் பார்க்கட்டும். வங்கியில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு இன்னொரு முறை எழுதுங்கள்.