ஊர்ச் சங்கம் தரும் இரண்டு இலட்சம்: ஆடா, ஆட்டோவா, கூரையா?

கேள்வி: ஐயா, நாங்கள் தென்மராட்சியில், சாவகச்சேரிக்குக் கிட்ட இருக்கிறோம். கணவர் கூலிக்கு மேசன் வேலை செய்கிறவர். மூன்று பிள்ளைகள். மூத்தவள் அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ரியூசனுக்கு மாதம் 3,500 ரூபாய். அரசின் அஸ்வெசும உதவிப்பணம் மாதம் 10,000 கிடைக்கிறது. கனடாவில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கம் 22 குடும்பங்களுக்குத் தலா இரண்டு இலட்சம் ரூபாய் தருகிறது. ஆவணியில் பாதி, தையில் பாதி. எப்படிச் செலவழிப்போம் என்று ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாமி ஐந்து ஆடு வாங்கச் சொல்கிறார். மறி (பெட்டை ஆடு) ஒன்று 28,000. கணவர் ஆட்டோவுக்கு முற்பணம் கட்டலாம் என்கிறார். நுண்கடன் கிழமைக்கு 1,450 வீதம் ஆவணியில் இன்னும் 40 கிழமை இருக்கும். இப்போதே கட்டி முடித்தால் எவ்வளவு என்று கேட்டேன், 58,000 என்றார்கள். காப்பு இரண்டும் வங்கியில் 60,000 ரூபாய்க்கு அடைவில் இருக்கின்றன. கார்த்திகையில் தவணை முடிகிறது, வட்டி 9,000 வரும். தம்பி 50,000 கைமாற்றாகக் கேட்கிறான். குசினிக்கும் பின் அறைக்கும் கிடுகுக் கூரை. வருடா வருடம் வேய 14,000 முடிகிறது. தகரம் போட 85,000 என்று தச்சர் சொன்னார். ஒழுகத்தான் செய்கிறது, ஆனால் பழகிவிட்டது. திட்டத்தில் எதை எழுதுவது? இந்தக் காசால் அஸ்வெசும நின்றுவிடுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால், மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு வரி இருக்கிறது. "ஒழுகத்தான் செய்கிறது, ஆனால் பழகிவிட்டது." நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

காசு கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தே நம்மவர்கள் திட்டம் எழுதுகிறார்கள். சுயதொழில், ஆடு, கோழி, தையல் மெஷின். போர் முடிந்த 2009க்குப் பிந்திய ஆண்டுகளில் நான் போன ஓர் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் இருந்தது. எல்லோரிடமும் மெஷின் இருந்தால் யார் யாருக்குச் சட்டை தைப்பது? அவற்றில் பாதி, மேலே துணி விரித்துச் சாமிப்படம் வைக்கும் மேசையாகிவிட்டன. கூரை என்று எழுதினால் 'சாப்பிட்டுத் தீர்த்துவிட்டார்கள்' என்று சங்கம் நினைக்கும் என்பது உங்கள் பயம். கூரை செலவுதான், ஆனால் அது வருடா வருடம் 14,000 ரூபாயை மிச்சம் பிடித்துத் தரும் செலவு. 85,000 ரூபாய் ஏறக்குறைய ஆறு மாரியில் திரும்பி வந்துவிடும். அத்தனை நிச்சயமாகக் காசு தரும் ஆட்டை நான் கண்டதில்லை.

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. 2011, 2012 காலத்தில் கென்யாவின் மேற்குக் கிராமங்களில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு, இதை வாங்கு அதை வாங்கு என்று சொல்லாமல், கைபேசி வழியாகக் காசு கொடுத்தது. சிலருக்கு மாதாமாதம், சிலருக்கு மொத்தமாக. ஆராய்ச்சியாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தபோது, மாதக் காசு பெற்ற வீடுகளில் சாப்பாடு மேம்பட்டிருந்தது. மொத்தக் காசு பெற்ற வீடுகள் நின்று பயன்படும் பொருள்களை வாங்கியிருந்தன. அங்கே பலர் புல் வேய்ந்த கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். குடிக்கும் புகைக்கும் செலவு கூடவில்லை. (மாமிக்கு அப்படியொரு பயம் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.) உங்களுக்கு இரண்டு விதமான காசும் வருகின்றன. அஸ்வெசும மாதக் காசு. அது வயிற்றுக்கும் ரியூசனுக்கும் தவணைக்கும். சங்கத்தின் காசு மொத்தக் காசு. அதை அரிசி மூட்டையாக்கவும் வேண்டாம், அஸ்வெசுமவை நம்பிப் புதிதாக ஒரு தவணையில் கையெழுத்து வைக்கவும் வேண்டாம்.

ஆட்டோ யோசனையை நான் ஏற்காததும் இதனால்தான். முற்பணம் சங்கத்தின் காசு, சரி. பிறகு மாதாமாதம் லீசிங் கட்டுவது யார்? மழையில் ஓட்டம் இல்லாத மாதத்திலும் தவணை ஓடும். கணவருக்கு ஆட்டோ ஆசை பிழையல்ல, இந்தக் காசுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

இனி கடன். கடனை முதலில் அடை என்று எவரும் சொல்வார்கள், நானும் வழக்கமாகச் சொல்வேன். உங்கள் விடயத்தில் கணக்கைப் பாருங்கள். 40 கிழமைக்கு 1,450 வீதம் 58,000. இன்றே கட்டி முடித்தாலும் 58,000. வரப்போகும் வட்டி முழுவதையும் சேர்த்தே கேட்கிறார்கள். முன்கூட்டிக் கட்டுவதால் உங்களுக்கு ஒரு சதமும் மிச்சமில்லை. ஒருமுறை எழுத்தில் கேளுங்கள், 'இன்று முடித்தால் எவ்வளவு' என்று. 45,000 என்று எழுதித் தந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள், திட்டத்தை மாற்றலாம். 58,000 தான் என்றால் கிழமைக்குக் கிழமை கட்டுங்கள், ஒரு கிழமையும் தவறாமல். 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசு தள்ளுபடி செய்தது உண்மை. இன்னொரு முறை வரும் என்று அயலில் யாரும் சொன்னால் நம்பிக் கட்டாமல் விடாதீர்கள்.

காப்பு வேறு கதை. தவணை முடிந்து கவனிக்காமல் விட்டால் ஏலத்துக்குப் போகும். 2022 க்குப் பிறகு தங்கம் ஏறிய ஏற்றத்தில் உங்கள் காப்பின் பெறுமதி 60,000 ரூபாய்க்கு மிக மேலே நிற்கும். கார்த்திகைக்கு முன் வட்டி 9,000 ரூபாயைக் கட்டிப் புதுப்பியுங்கள். அப்போது 'இப்ப விலை கூட, இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே' என்று யாராவது சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். தலையை ஆட்டிவிடாதீர்கள்.

ஆக, ஆவணியில் வரும் ஓர் இலட்சம். தச்சரின் 85,000 இல் உதவியாளின் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். 12,000 வரை இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கணவர் மேசன், தச்சருக்குக் கைகொடுத்து அந்தக் கூலியை வீட்டிலேயே நிறுத்தலாம். கூரை 73,000 இல் முடியும். காப்பு வட்டி 9,000. மிச்சம் 18,000. ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை மேசன் வேலை அரிதாகத்தான் கிடைக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த 18,000 பன்னிரண்டு கிழமைத் தவணைக்குக் காணும், 600 ரூபாய் மிஞ்சவும் செய்யும். மாரி மாதங்களில் அஸ்வெசும 10,000 தவணைக்குப் போகாமல் அப்படியே அடுப்படிக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும் வரும்.

கூரை பிரிக்கும்போது பனஞ்சிலாகைகளை விறகுக்கு வெட்டிவிடாதீர்கள். உளுத்ததைக் கழித்து, நல்லதைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். தையில் ஆட்டுக்கொட்டில் அதில்தான்.

மாமி சொன்ன ஆட்டுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் ஐந்து வேண்டாம், இரண்டு போதும். மாரிக்கு முன்னும் வேண்டாம். ஈரத்தில் சளியும் கழிச்சலும் வந்து புது இடத்துக்கு வந்த ஆடுகள்தான் முதலில் சாகும். இன்னொன்றையும் யோசியுங்கள். 22 குடும்பங்களின் கையில் ஒரே நாளில் காசு வருகிறது. பாதிப் பேர் திட்டத்தில் ஆடு என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கிழமை 28,000 மறி 28,000 க்கு நிற்குமா? தைக் காசு வந்ததும் ஓடாதீர்கள், மாசி வரை பொறுங்கள். தெரிந்த வீட்டில் வாங்குங்கள். வாயைத் திறந்து இரண்டு பல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்புறம் ஊத்தையாக இல்லாமல், புழுக்கை உருண்டையாகக் காய்ந்து விழுகிறதா என்றும் பாருங்கள். வேலியில் பூவரசும் முள்முருக்கையும் இருந்தால் இரண்டு மறிக்குக் குழை காணும். ஐந்துக்கு அடுத்த வீட்டு வேலியையும் ஒடிக்க வேண்டி வரும், பிறகு அது வேறு சண்டை.

தை ஓர் இலட்சத்தில் ஆடு இரண்டு 56,000, கொட்டிலுக்குக் கம்பியும் ஆணியும் தவிடும் 4,000. மீதி 40,000 நேரே அடைவுக்கு. வங்கி பகுதியாகக் கட்டினாலும் ஏற்கும். 60,000 கடன் 20,000 ஆகிவிடும். நுண்கடன் வைகாசியளவில் முடியும். முடிந்த அடுத்த கிழமையிலிருந்தும் அதே 1,450 ரூபாயை, கடன் இன்னும் இருக்கிறது என்றே நினைத்து எடுத்து வையுங்கள். பதினான்கு கிழமையில் 20,300. வட்டிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் காப்பு கைக்கு வந்துவிடும்.

தம்பிக்கு என்ன சொல்வது? இந்தத் திட்டத்தையே காட்டுங்கள். கையெழுத்து வைத்துச் சங்கத்துக்குக் கொடுத்த தாள், எதில் 50,000 குறைப்பது என்று அவரையே கேளுங்கள். காசு வந்த அன்றே தகரத்துக்கு முற்பணம் கட்டிவிட்டால் இந்தப் பேச்சு இன்னும் சுலபம்.

அஸ்வெசும பற்றி. 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக வந்த இத்திட்டம் கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு பக்கங்களில் 22 அளவுகோல்களை வைத்து ஆளைத் தெரிவு செய்கிறது. உங்கள் 10,000, 'வறியவர்' பிரிவுக்கு 2025 தையில் 8,500 இலிருந்து கூட்டப்பட்ட தொகை. ஒருமுறை வந்த நன்கொடை மாத வருமானம் அல்ல. ஆனால் மறைக்காதீர்கள், ஊரில் 22 வீட்டுக்கு வந்த காசு விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) தெரியாமல் போகாது. நீங்களே போய்ச் சொல்லுங்கள். இது ஒருமுறை உதவி என்று சங்கத்திடம் ஒரு கடிதம் வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து மற்றதை வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். அந்தப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் உங்கள் கையில் இருக்கட்டும், கடைக்காரரிடமோ கடன்காரரிடமோ அல்ல.