‘சீரியஸாக இருக்கிறார்’ என்று சொல்லலாமா?

கேள்வி: நான் ஒரு நூற்பாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஆலையில் நேர்ந்த விபத்தில் தொழிலாளி ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். ‘சீரியஸாக இருக்கிறார், உடனே புறப்பட்டு வாருங்கள்’ என்று மட்டும் அவருடைய மனைவியிடம் சொல்லும்படி மேலாளர் கூறினார். நானும் அப்படியே சொன்னேன். பேருந்தில் வரும்போதே வாட்ஸ்அப் மூலம் அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. இன்றுவரை அந்த அம்மா என்னுடன் பேசுவதில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தனியாக வருகிறவர் வழியில் மயங்கி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் நம் ஊரில் இறப்பை ‘சீரியஸ்’ என்று சொல்லி வரவழைக்கிறார்கள். ஆனால், உறவினர் சொன்னால் பரிவாகப் படுகிற அதே சொல், விபத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிர்வாகம் சொல்லும்போது மறைப்பாகவே படும்.

வீடு எட்டும் தொலைவில் இருந்தால், குடும்பத்தாருக்குப் பழக்கமான சக தொழிலாளி ஒருவரும் பொறுப்பான அலுவலர் ஒருவரும் நேரில் போய், அவரை உட்கார வைத்து, ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே சொல்லியிருக்க வேண்டும். தொலைவென்றால், அந்த ஊரிலேயே இருக்கும் அண்ணனிடமோ மாமாவிடமோ முதலில் தெரிவித்து, அவர் பக்கத்தில் போய் அமர்ந்த பிறகு பேசியிருக்கலாம்.

உறுதியாகாத செய்தி வேறு வகை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள சாகோ நிலக்கரிச் சுரங்கத்தில் 2006 ஜனவரி 2 அன்று நிகழ்ந்த வெடிப்பில் 13 பேர் உள்ளே சிக்கினார்கள். மறுநாள் நள்ளிரவை ஒட்டி மீட்புக் குழு அனுப்பிய தகவல், பலர் வாய் மாறி வந்ததில் சிதைந்து, 12 பேர் உயிருடன் இருப்பதாகக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டது. தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்களுக்கு அது உடனே பரவி, மணியும் ஒலித்தது. தவறு நேர்ந்திருக்கலாம் என்பது ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்ட போதிலும், பிழைத்தவர் ஒருவர் மட்டுமே என்பதைக் குடும்பத்தார் அறிய ஏறத்தாழ 3 மணி நேரம் ஆயிற்று. காது செய்த பிழையை மன்னிக்கலாம். அதற்குப் பின்பு காத்த மௌனத்தை எப்படி மன்னிப்பது? ‘முன்பு சொன்னதில் ஐயம் இருக்கிறது, அரை மணியில் மீண்டும் வருகிறோம்’ என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய தொழிலாளர்களைக் குறை சொல்லாதீர்கள். குடும்பத்துக்குத் தெரிவித்த கையோடு, ஷிப்ட் முடியும் வரை காத்திராமல், மேலாளரே இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, கூடியிருப்பவர்களிடம் நேரில் பேசியிருந்தால் அவர்கள் செல்பேசியைத் தேடியிருக்க மாட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாள் இதற்கு உதவாது.

இழப்பீட்டுத் தாள்களை அன்றே நீட்டிக் கையெழுத்துக் கேட்பது, அதன் நோக்கம் எதுவானாலும், பேரமாகத்தான் தெரியும். இறந்தவர் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்திருந்தால், நாளொன்றுக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு வீதம் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகையாகக் கிடைக்க வழியுண்டு. கருமாதி முடிந்த பின்னர் அதற்கான வேலையை நீங்களே எடுத்துச் செய்யலாம்.

இப்போதும் நேரம் போய்விடவில்லை. மேலாளர் இல்லாமல், கையில் எந்தத் தாளும் இல்லாமல் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். ‘அன்றைக்கு எனக்கு உண்மை தெரியும், தெரிந்தே வேறு சொன்னேன்’ என்று சொல்லுங்கள். மேலாளர் சொல்லித்தான் செய்தேன் என்பதை அவராகக் கேட்டாலொழியச் சொல்ல வேண்டாம்.