காது கேளாமையும் அன்றாடப் பேச்சும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேட்கும் திறன் குறைந்தவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இருப்பிடத்தை மட்டும் குறித்திருக்கிறேன்.

எனக்கு வயது 46. அரசுடைமை வங்கி ஒன்றில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாக இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. காது மிஷின் போட்டும் வாடிக்கையாளர் பேசுவது பாதிதான் புரிகிறது. இன்னும் குறையலாம் என்கிறார் டாக்டர். சைகை மொழி கற்றுக்கொள்ள ஆசை. "வீட்டில் யாருக்கும் தெரியாதே, யாரிடம் பேசப் போகிறாய்?" என்று கணவர் கேட்கிறார். இந்த வயதில் வருமா? வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.
*– வாசகி, பெரம்பூர்*

வேலையைப் பற்றிய பயத்தை முதலில் பார்ப்போம். அது நெஞ்சில் இருக்கும்வரை வேறு எதிலும் மனம் ஓடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியான ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அவரால் அந்தப் பணியைத் தொடர இயலாவிட்டால், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். சத்தம் மிகுந்த கவுன்டரிலிருந்து எழுத்துவேலை மிகுந்த பிரிவுக்கு மாற்றும்படி நீங்கள் கேட்டால், அது சலுகைக்காகக் கையேந்துவது ஆகாது. இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும் சட்டம் வகுத்திருக்கிறது. ஆகவே அண்மையில் எடுத்த ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்பதைக் காட்டும் சோதனை வரைபடம்) கையில் இருக்கட்டும்; அந்த அளவை எட்டியிருந்தால் மருத்துவச் சான்றிதழுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மிஷின் போதுமான பயன் தராத பெரியவர்களுக்கும் அது செய்யப்படுகிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இனி சைகை மொழி. தயங்காமல் தொடங்குங்கள், இன்னும் ஓரளவு கேட்கும் இந்தக் காலத்திலேயே தொடங்குங்கள். இப்போது ஆசிரியர் சொல்லும் விளக்கத்தைக் காதாலும் வாங்கிக்கொள்ளலாம், புரியாததை வாய்விட்டுக் கேட்கலாம். முழுவதும் கேட்காமல் போன பிறகு, மனம் சோர்ந்திருக்கும் வேளையில், புதிய மொழியொன்றைத் தொடங்குவது இதைவிடக் கடினம்.

நீங்கள் கற்க வேண்டியது இந்திய சைகை மொழி. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யூடியூபில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அமெரிக்க சைகை மொழிப் பாடங்கள். அதில் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள். நம் நாட்டில் இரு கைகளாலும் காட்டுகிறோம். சொற்களும் வேறு, இலக்கணமும் வேறு. மாதக்கணக்கில் அதைக் கற்றுக்கொண்டு சாந்தோமிலோ அடையாறிலோ காது கேளாத ஒருவர் முன் போய் நின்றால் உரையாடல் நகராது. டெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021-இல் 10,000 சொற்களோடு ஒரு காணொளி அகராதியை வெளியிட்டிருக்கிறது. அதை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அகராதியை வைத்து மட்டும் மொழி வந்துவிடாது. ஒரே பொருளுக்கு டெல்லியில் ஒரு சைகையும் சென்னையில் வேறொரு சைகையும் வழங்குவதுண்டு; அப்படி வேறுபட்டால், நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்கள் வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

இலக்கணத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். வினை பெரும்பாலும் இறுதியில் வருவதால் தமிழ் பேசுகிறவருக்கு அதன் நடை அந்நியமாகத் தோன்றாது. "எங்கே", "எப்போது" போன்ற வினாச் சொற்களும் கடைசியில்தான் வரும்: "நீங்கள் வேலை எங்கே" என்பது போல. பெரியவர்கள் திணறுவது வேறோர் இடத்தில். சைகை மொழியில் முகமும் இலக்கணத்தின் பகுதி. "சாப்பிட்டாயிற்று" என்பதும் "சாப்பிட்டாயிற்றா?" என்பதும் கையளவில் ஒன்றே, புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்று முன்னே நீட்டினால்தான் அது கேள்வி ஆகிறது. நாலு பேர் முன்னால் முகத்தை அசைக்கக் கூச்சப்படுகிறவர்கள் விரல்களை மட்டும் சரியாகப் பழகிவிட்டு, எதிரில் இருப்பவருக்கு ஏன் புரியவில்லை என்று மலைத்து நிற்பார்கள். கண்ணாடி முன் நின்று பழகுங்கள்.

ஆசிரியரைப் பொறுத்தவரை என் கருத்து திட்டவட்டமானது: காது கேளாதவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். சென்னையில் அதற்கு வழி இருக்கிறது. சாந்தோமில் சி.எஸ்.ஐ. காது கேளாதோர் பள்ளியும் அடையாறில் புனித லூயிஸ் பள்ளியும் இருக்கின்றன. மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்கள் பி.காம்., பி.சி.ஏ. படிக்கிறார்கள். இங்கெல்லாம் படித்து வெளிவந்தவர்கள் நகரெங்கும் வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் வகுப்பெடுக்கிறவர்களும் உண்டு. பள்ளி அலுவலகத்தில் விசாரித்தால் வழி கிடைக்கும். அவர்கள் நடுவில் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்திருப்பதன் மதிப்பு வேறு எதிலும் கிடைக்காது. "யாரிடம் பேசப் போகிறாய்" என்ற கேள்விக்கு அங்கேயே ஒரு பதில் இருக்கிறது.

இன்னொரு பதிலை உங்கள் கணவர்தான் தர வேண்டும். இதை அவரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஐயா, உங்கள் மனைவி தனியாகக் கற்றால் உங்கள் கேள்வி நியாயமாகிவிடும். நீங்களும் உடன் கற்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. முழு மொழியையும் ஒரே மூச்சில் கற்க வேண்டியதில்லை. தண்ணீர், பால், மருந்து, வலி, கதவு, போன், பிறகு, இப்போது, யார், எத்தனை மணி, போதும் என்று உங்கள் வீட்டில் ஒரு நாளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை எழுதிப் பாருங்கள். அவ்வளவும் ஒரு தாளின் இரு பக்கத்துக்குள் அடங்கும். அதிலிருந்து தொடங்குங்கள். இரவில் அவர் மிஷினைக் கழற்றிவைத்த பிறகும், குளித்துவிட்டு வரும்போதும், மிக்ஸி ஓடும்போதும் அந்தச் சொற்கள் கைகொடுக்கும்.

முந்தாநாள் காலை எழுந்ததிலிருந்து இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை, இரைச்சல் மட்டும் இருக்கிறது. சளி பிடித்ததால் இருக்கும், எண்ணெய் விடு என்கிறார்கள். எத்தனை நாள் பார்க்கலாம்?
*– வாசகர், தாம்பரம்*

ஒரு நாள்கூடப் பார்க்க வேண்டாம். இந்தப் பதிலை அச்சுக்கு முன்பே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே வெளியிடுகிறேன். ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளுக்குள்ளோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது அவசர நிலை. அடைப்பு காரணமா, உள்காது நரம்பு காரணமா என்பதைக் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் சோதித்துச் சொல்ல முடியும். நரம்பு காரணம் என்றால் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் கடந்தால் பயன் வெகுவாகக் குறைகிறது. எண்ணெயோ வேறெதுவுமோ விடாதீர்கள்.

அப்பாவுக்கு 78 வயது. "காது கேட்கிறது, நீங்கள் பேசுவதுதான் விளங்கவில்லை" என்கிறார். கத்திப் பேசினால் "ஏன் கத்துகிறாய்" என்று கோபப்படுகிறார். நிறையச் செலவு செய்து வாங்கிய மிஷின் பீரோவில் கிடக்கிறது. இது பிடிவாதமா?
*– வாசகர், மயிலாப்பூர்*

பிடிவாதம் இல்லை. அப்பா சொல்வது அட்சரம் பிசகாத உண்மை. முதுமையில் உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் போகின்றன. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக இருப்பதால் யாரோ பேசுகிறார்கள் என்பது நன்றாகவே கேட்கும். ஆனால் ச, த, ட போன்ற மெய்யொலிகள் மங்கிவிடுவதால் "காசு" என்றதும் "காது" என்றதும் ஒன்றாகவே விழும். கத்தும்போது உரத்து எழுவது உயிரொலிதான், மெய்யொலிக்குப் பெரிய தெளிவு வருவதில்லை. அதோடு, முதுமைக் காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ சட்டென்று வலிக்கும் அளவுக்குப் போய்விடும். அவர் கோபப்படுவதில் வியப்பில்லை.

ஆகவே அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காமல் அவர் எதிரில் வாருங்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள், டிவியை நிறுத்துங்கள், தோளைத் தொட்டோ கையசைத்தோ அவர் கவனத்தைத் திருப்பிய பிறகு பேசத் தொடங்குங்கள். குரலை உயர்த்துவதைவிட வேகத்தைக் குறைப்பது உதவும். ஒரு தடவை விளங்காவிட்டால் அதே வாக்கியத்தையே மூன்று முறை சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே ஒருவரைத் தனியனாக்கிவிடுகிறது.

மிஷினைப் பீரோவிலிருந்து எடுங்கள். வாங்கிய நாளில் செய்த புரோகிராமிங் போதாது. முதல் சில மாதங்களில் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷினைப் பொருத்தும் நிபுணரிடம்) திரும்பத் திரும்பப் போய், "பாத்திர ஓசை காதைக் குத்துகிறது", "என் குரலே குடத்துக்குள் கேட்பது போலிருக்கிறது" என்று அப்பாவே தன் வாயால் சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகளாகக் கேட்காத மின்விசிறி ஓசையும் செருப்பு ஓசையும் ஒரே நாளில் திரும்பி வந்தால் மூளை திண்டாடும். அமைதியான அறையில் தினம் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, வாரம் செல்லச் செல்லக் கூட்டுங்கள். பட்டன் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டு உள்ளே வையுங்கள். உரித்தபின் மீண்டும் ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். சென்னையின் ஈரக்காற்றும் வியர்வையும் மிஷினுக்குப் பகை. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். திடீரென்று சத்தம் குறைந்தால், பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் முனையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் குழந்தைக்கு 14 மாதம். பெரா என்ற காது நரம்புச் சோதனையில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. இம்ப்ளான்ட் செய்யச் சொல்கிறார்கள். அதுவரை நாங்கள் சைகையில் பேசினால் குழந்தைக்குப் பேச்சே வராது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
*– வாசகி, ஆவடி*

அந்த பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுவழிக் கல்வியே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கியது. அந்தத் தீர்மானங்களை அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு 2010-இல் வான்கூவரில் முறைப்படி நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. சைகை பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. மொழியே இல்லாமல் கழியும் மாதங்கள்தான் குழந்தைக்குக் கேடு. ஆகவே இன்றிலிருந்தே குழந்தையின் முகம் பார்த்துச் சைகையும் காட்டுங்கள், வாயாலும் பேசுங்கள்.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. கருவி பொருத்தியதோடு கேட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடக்கும் கேட்டல்–பேச்சுப் பயிற்சியே பேச்சைக் கொண்டுவருகிறது. வீட்டுக்கு அருகில் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதை அறுவைக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். குளிக்கும்போதும் உறங்கும்போதும் இம்ப்ளான்டின் வெளியே மாட்டும் பகுதி கழற்றப்பட்டிருக்கும். அப்போதும் சைகை வேண்டியிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்கிறார். ஆனால் மீட்டிங்கில் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு எதுவும் தெரியாமல் நிற்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
*– வாசகி, சோழிங்கநல்லூர்*

உதட்டைப் படிப்பதில் பெரும்பகுதி ஊகம். "பணம்", "மணம்" இரண்டையும் குரலெழுப்பாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க, ங, ண, ள எல்லாம் வாய்க்குள்ளேயே பிறந்து முடிந்துவிடுகின்றன. ஒருவரோடு ஒருவராகப் பேசும்போது முன்பின் அறிந்ததை வைத்து அவர் இடைவெளிகளை நிரப்பிக்கொள்வார். எட்டுப் பேர் மாறி மாறிப் பேசும் அறையில், யார் பேசுகிறார் என்று அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி வாக்கியம் போயிருக்கும். தலையாட்டுவது, மற்றவர்களை நிறுத்தக் கூசும் மரியாதை.

மீட்டிங்குக்கு முன்நாளே பேசப்போகும் பொருளை எழுத்தில் அனுப்புங்கள். எல்லார் முகமும் தெரியும் இருக்கையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பேசுகிறவர் கையை உயர்த்திவிட்டுப் பேசட்டும், ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்கட்டும். பேச்சை எழுத்தாக்கும் 'லைவ் ட்ரான்ஸ்க்ரைப்' என்ற செயலி தமிழிலும் இயங்குகிறது. பேசுகிறவர் பக்கத்தில் போனை வைத்தால் ஓரளவு உதவும், ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் நம் வழக்கத்தில் அது அடிக்கடி தடுமாறும் என்பதால் முடிவுகளை ஒருவர் தட்டச்சு செய்து திரையில் காட்டுவது பாதுகாப்பானது. முக்கியமான கூட்டங்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வந்தால் அவரைப் பார்த்து "இவரிடம் சொல்லுங்கள்" என்று பேசாமல், தம்பியின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால் மறுபடியும் தலையைத்தான் ஆட்டுவார். "நாளை எதை முதலில் செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.