"சொல்வேன்" என்று சொல்லி வாங்கிய வேலை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 25 வயது. சேலம் அம்மாபேட்டைதான் சொந்த ஊர். அப்பா தறி நெய்கிறார். நான் டி.எம்.எல்.டி. படித்துவிட்டு லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் ஒரு பெரிய லேபில் இன்டர்வியூ நடந்தது. வேலை கிடைத்துவிட்டது, ஒன்றாம் தேதி சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டு வந்தார். எனக்கு மட்டும் ஆர்டர் வந்த நாளிலிருந்து ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

டெக்னிக்கல் கேள்விகளுக்கு நன்றாகத்தான் பதில் சொன்னேன். அதன் பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார்கள். முதல் கேள்வி இது: "நடு ராத்திரி, பேய் மழை. ஏற்காட்டிலிருந்து காரில் இறங்கி வருகிறீர்கள். வழியில் பஸ் ஸ்டாப்பில் மூன்று பேர். உயிருக்குப் போராடும் ஒரு பாட்டி, ஒரு காலத்தில் உங்கள் உயிரைக் காப்பாற்றிய நண்பர், நீங்கள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும் மனிதர். காரில் ஒருவருக்குத்தான் இடம். யாரை ஏற்றுவீர்கள்?"

"பாட்டியை ஏற்றிக்கொண்டு 108-க்குப் போன் செய்வேன். எதிரே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வேன். அடிவாரம் வந்ததும் மற்ற இரண்டு பேருக்கும் ஒரு வண்டி ஏற்பாடு செய்வேன்" என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். "சாவியை நண்பரிடம் கொடுத்துப் பாட்டியை அனுப்பிவிட்டு, நீங்கள் ஆசைப்படும் மனிதரோடு அங்கேயே நின்றிருக்கலாமே" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

இரண்டாவது கேள்வி: "உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர், காலையில் கன்ட்ரோல் ஓட்டாமல், அதாவது மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதிக்காமல், ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. என்ன செய்வீர்கள்?" நான் யோசிக்கவே இல்லை. "உடனே இன்சார்ஜிடம் சொல்வேன் சார்" என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

மேடம், இது எனக்கு நிஜமாகவே நடந்தது. நான் சொல்லவில்லை.

என் முதல் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். சம்பளம் 8,500 ரூபாய். ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் தினமும் பைக்கில் சாம்பிள் எடுத்து வருவான். ஒருநாள் அங்கிருந்து வந்த ஒரு பெரியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 என்று வந்தது. பயந்துபோய் அவரை ராத்திரியோடு ராத்திரியாகச் சேலத்துக்குக் கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே எடுத்துப் பார்த்தால் 4.3. மறுநாள் குடும்பமே லேபுக்கு வந்து சத்தம் போட்டது. ஓனர் கேட்டபோது சீனியர் அக்கா, "வளைவுகளில் குலுங்கி ரத்தம் உடைந்திருக்கும் சார்" என்று சொல்லிவிட்டார். அன்றே அந்தப் பையனை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ட்யூபை, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்தது நான்தான். சீரம், அதாவது அணுக்கள் பிரிந்த பின் மேலே நிற்கும் நீர், தெளிந்த மஞ்சளாக இருந்தது. ரத்தம் உடைந்திருந்தால் சிவந்திருக்கும். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்ட ரத்தம் அது. கூட்டம் அதிகம் என்று அக்கா அன்று காலை கன்ட்ரோல் ஓட்டவில்லை. சண்டை முடிந்த பிறகு ஓட்டினார், அளவு எல்லையைத் தாண்டி வந்தது. யாரிடமும் சொல்லாமல், மெஷினில் பொட்டாசியத்தை அளக்கும் எலெக்ட்ரோடை மாற்றினார். குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பு பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ஓனர் திட்டும்போது அந்தப் பையன் என்னைத்தான் பார்த்தான். நான் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவன் மலையில் ஒரு எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போகிறானாம். நான் அவனுக்குச் செய்த துரோகத்தை மறைத்து, அதே விஷயத்தில் பொய் சொல்லி வேலை வாங்கியிருக்கிறேன். இந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சரியான பதில் என்று ஒன்று உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலையை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒன்றாம் தேதி நெருங்குகிறது. காரணங்களைப் பொறுமையாகப் பேசலாம்.

அந்தக் கார் கேள்வி பல வருடங்களாக ஊர் ஊராகச் சுற்றுகிற புதிர். சிரித்தவர் சொன்ன 'சாவியைக் கொடு' என்ற விடையும் அதோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஏற்கெனவே கேட்டவர் சொல்லிவிடுவார், கேட்காதவர் விழிப்பார். அதை வைத்து ஒருவருடைய மனசாட்சியை எப்படி அளப்பது? கூகுளில் ஆள் எடுக்கும் துறைக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக், புதிர்க் கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை, கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பு வருவதுதான் மிச்சம் என்று 2013-லேயே வெளிப்படையாகச் சொன்னார். இன்டர்வியூவில் ஒருவர் சிரித்ததற்காக நீங்கள் முகம் சுருங்க வேண்டியதில்லை.

உங்கள் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும். லாரன்ஸ் கோல்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1958-ல் முடித்த தன் ஆய்வுக்காகச் சிகாகோ பக்கத்துப் பையன்களிடம் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டார். ஒருவரின் மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறார். மருந்துக்காரர் அடக்க விலையைப் போல் பத்து மடங்கு கேட்கிறார். கணவரால் பாதிப் பணம்தான் புரட்ட முடிந்தது. மருந்தைத் திருடலாமா, கூடாதா? கோல்பெர்க் தேடியது 'திருடலாம்', 'கூடாது' என்ற முடிவை அல்ல, அதற்குப் பிள்ளைகள் சொல்லும் காரணத்தை. பின்னாளில் கரோல் கில்லிகன் என்ற உளவியலாளர் 11 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதே கதையைச் சொன்னபோது, அவள் இரண்டு பக்கமும் சாயவில்லை. கடன் வாங்கலாமே, உட்கார்ந்து பேசி வேறு வழி பார்க்கலாமே என்றாள். கோல்பெர்க்கின் அளவுகோலில் அது தடுமாற்றமாகத் தெரியும். கில்லிகன் 1982-ல் எழுதியபோது, இது தடுமாற்றம் அல்ல, யாரையும் கைவிடாமல் இருக்கப் பார்க்கிற இன்னொரு வகை நியாயம் என்று வாதாடினார். நீங்கள் 108-ஐக் கூப்பிட்டதும் அடிவாரத்திலிருந்து வண்டி அனுப்ப நினைத்ததும் அந்த நியாயம்தான். என் கண்ணுக்கு அந்த அறையில் அதுதான் நல்ல பதில்.

இரண்டாவது கேள்வி அப்படியல்ல. அது உங்கள் தொழிலுக்குள்ளிருந்தே வந்த கேள்வி. 'இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்பது ஒரு முறை. கேரி லேதம் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980-ல் அதை வரையறுத்தார்கள். ஒருவர் செய்ய நினைப்பதற்கும் பின்னால் செய்வதற்கும் தொடர்பு உண்டு என்பது அதன் அடிப்படை. 'இதுவரை இப்படி நடந்திருக்கிறதா, அப்போது என்ன செய்தீர்கள்' என்று கேட்பது வேறொரு முறை. உங்களிடம் கேட்கப்பட்டது முதல் வகை. நம் இலக்கணத்திலேயே இதற்கு விடை இருக்கிறது பாருங்கள். 'சொல்வேன்' என்றீர்கள், 'சொன்னேன்' என்று சொல்லவில்லை. 'சொன்னேன்' என்றிருந்தால் அது பொய். 'சொல்வேன்' என்பது நீங்கள் கொடுத்த வாக்கு. அது பொய்யா மெய்யா என்பது இனிமேல்தான் தெரியும். அன்று சொல்லாமல் போனதன் வலி உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் யோசிக்காமலே அந்த வார்த்தை வாயில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். 'உடனே இன்சார்ஜிடம்' என்பது கொஞ்சம் அவசரப் பதில். முதலில் அந்த ரிப்போர்ட் நோயாளியின் கைக்குப் போகாமல் நிறுத்த வேண்டும். போய்விட்டால் டாக்டருக்குப் போன் போக வேண்டும். அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க முடியாது. அடுத்து சீனியரிடம் நேரில், "அக்கா, கன்ட்ரோல் ஓட்டலை, நிறுத்திட்டு ஓட்டிடலாம்" என்று சொல்லலாம். அவர் கேட்டால் அவரே இன்சார்ஜிடம் போக வழி உண்டு. கேட்காவிட்டால் நீங்கள் போக வேண்டியதுதான். நோயாளிக்கு வரும் ஆபத்து காத்திருக்காது. சக ஊழியரின் மானம் பத்து நிமிடம் காத்திருக்கும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. அதில் வரும் இக்கட்டுகளை எழுதிப் பழகும் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்வேன்: யாருக்கு முதலில் அடிபடும் என்று பாருங்கள், அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.

(லேப் வேலை தெரியாத வாசகர்களுக்காக: கன்ட்ரோல் என்பது அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு திரவம். மெஷின் அந்த அளவைச் சரியாகக் காட்டினால்தான் நம் ரத்தத்தின் அளவையும் நம்பலாம். பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்த அணுக்களுக்குள் பொட்டாசியம் மிக அதிகம் என்பதால், அணுக்கள் உடைந்தால் அளவு பொய்யாக ஏறும், சீரமும் சிவக்கும். அந்தப் பையன் மேல் பழி அவ்வளவு சுலபமாக ஒட்டியதற்குக் காரணம் இதுதான்.)

இனி, உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அது இன்டர்வியூ அல்ல. ஒரு பையன் உங்களைப் பார்த்தான், நீங்கள் ரெஜிஸ்டரைப் பார்த்தீர்கள். 'சின்னப் பெண், புது வேலை, என்ன செய்திருக்க முடியும்' என்று நான் ஆறுதல் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. மூன்று மாத அனுபவத்தோடு, ஓனர் கத்திக்கொண்டிருக்கும் அறையில், குருவுக்கு எதிராக வாய் திறப்பது எளிதல்ல. ஆனால் அந்த ஆறுதல் உங்களுக்குப் போதாது. சீரத்தின் நிறம் தெரிந்தவர் அந்த அறையில் அக்காவைத் தவிர நீங்கள் ஒருவர்தான்.

குற்ற உணர்ச்சியும் வெட்கமும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். குற்ற உணர்ச்சி, 'செய்ததைச் சரி செய்' என்று சொல்லும். வெட்கம், 'ஓடி ஒளிந்துகொள், உனக்கு நல்லது நடக்கக் கூடாது' என்று சொல்லும். வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வது வெட்கம். நீங்கள் இந்த வேலையை விட்டால் அந்தத் தம்பிக்கு ஒரு ரூபாய் லாபமில்லை. புது லேபில் போய் எல்லாவற்றையும் கொட்டுவதும் இப்போது தேவையில்லை. பழைய வேலையில் இப்படி எதுவும் நடந்ததா என்று யாராவது கேட்டால், அன்று மறைக்காதீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே, கன்ட்ரோல் எல்லை தாண்டினால் யாரிடம் சொல்வது, எதில் எழுதுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்து வருவதற்கு முன்பே கேட்டு வைத்தவருக்கு அன்றைக்கு வாய் திறப்பது கொஞ்சம் சுலபம்.

அந்தத் தம்பியைப் போய்ப் பாருங்கள். மன்னிப்புக் கேட்க மட்டும் போனால், 'பரவாயில்லை அக்கா' என்று சொல்லி உங்கள் பாரத்தையும் அவரே சுமக்க நேரிடும். அவருக்குப் பயன்படுகிற ஒன்றோடு போங்கள். ஒரு வெள்ளைத் தாளில், அன்றைய தேதி, நீங்கள் எடுத்த ட்யூப், தெளிந்திருந்த சீரம், சாம்பிள் எடுத்து வந்ததில் தவறில்லை என்பது, இவற்றை நாலு வரியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், ஊகம் எதுவும் வேண்டாம். வேறு இடத்தில் வேலை கேட்கும்போது அதைக் காட்டுவதா, பழைய ஓனருக்கு அனுப்புவதா, கிழித்துப் போடுவதா என்பது அவர் முடிவு. ஓனரிடம் நீங்களே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டால், போய்ச் சொல்லுங்கள்.

அக்காவுக்கும் முன்னதாக ஒரு போன் செய்துவிடுங்கள். அனுமதி கேட்பதற்காக அல்ல. முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் அழுவார், வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை மாற்றாதீர்கள். அவர் கற்றுக்கொடுத்த கைத்தொழிலுக்கு நீங்கள் பட்ட நன்றிக்கடன் உண்மைதான். அந்தக் கடனை இன்னொருவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்து அடைக்க முடியாது.

தூக்கமின்மை இப்படியே தொடர்ந்தாலோ, ராத்திரியில் பயங்கர யோசனைகள் வந்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

சேருவதற்கு முன் ஒரு வாரநாளில் ஏற்காடு பஸ் ஏறிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சுற்றுலாக் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் என்ன பேசுவது என்று ஆயிரம் ஒத்திகை ஓடும். இது போதும்: "தம்பி, அன்னைக்கு சீரம் தெளிவா இருந்துச்சு. எனக்குத் தெரியும். நான் பேசலை." அவர் திட்டினால் திட்டட்டும். பேசாமல் திரும்பிக்கொண்டாலும், தாளை அவர் கையிலோ அவர் அம்மா கையிலோ கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு இறங்கி வாருங்கள்.